ஊதாத் தவளையை வகைப்படுத்துவதும் வரைபடத்தில் வைப்பதும்: முழுமையான வழிகாட்டி

மே மாதத்தில் கோடைமழை இரண்டு மூன்று நாள் விடாமல் பெய்த பிறகு, இடுக்கி மலையோர ஓடைக்கரையில் இரவில் நின்றால் காலடி மண்ணுக்குள்ளிருந்து ஒரு சத்தம் எழும். விட்டு விட்டு, துடிப்பு துடிப்பாக வரும். முதன்முதலாக அதைக் கேட்ட இரவில் நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு புதர், பாறை, மரக்கிளை என்று எல்லாவற்றையும் துழாவினேன். கூட வந்திருந்த ஏலத்தோட்டப் பெரியவர் என் கையைப் பிடித்து வெளிச்சத்தைத் தரைக்குத் திருப்பினார். "மேல தேடாத தம்பி. மண்ணுக்குள்ள இருந்து கூப்பிடுது" என்றார்.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரன் ஊதாத் தவளை. பன்றிமூக்குத் தவளை என்றும் சொல்வார்கள். மலையாளத்தில் பாதாளத்தவள, மாவேலித்தவள. வருடத்துக்கு ஒருமுறை பாதாளத்திலிருந்து நாடு காண வரும் மாவேலி மன்னனைப் போல இதுவும் வருடத்தில் சில நாட்களே மண்ணைவிட்டு மேலே வருகிறது. இதைவிடப் பொருத்தமாக யாரும் ஓர் உயிருக்குப் பெயர் வைத்துவிட முடியாது.

விலங்கியல் மாணவர்கள், இயற்கை ஆர்வலர்கள், பள்ளியில் பல்லுயிர்ப் பதிவேடு எழுதும் ஆசிரியர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். ஒரு மழைக்காட்டுத் தவளை எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது, எங்கெல்லாம் வாழ்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் எப்படி விடை தேடுவது என்பதை இந்த ஒரே தவளையை வைத்துப் படிப்படியாகச் சொல்கிறேன். முறை பிடிபட்டுவிட்டால் வேறு எந்தத் தவளைக்கும் இதையே பயன்படுத்தலாம்.

படி 1: பெயரை முழுதாக எழுதுங்கள்

நோட்டுப் புத்தகத்தின் முதல் வரியில் இப்படி எழுதுங்கள்: நாசிகாபட்ராகஸ் சஹ்யாத்ரென்சிஸ், பிஜு மற்றும் பாசுயிட், 2003.

முதல் சொல் பேரினம், இரண்டாவது சிற்றினம். நாசிகா என்றால் சமஸ்கிருதத்தில் மூக்கு. பட்ராகஸ் என்பது தவளையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. சஹ்யாத்ரென்சிஸ் என்றால் சஹ்யாத்ரியைச் சேர்ந்தது, அதாவது மேற்குத் தொடர்ச்சி மலைக்காரன். பின்னால் வருபவை, முதன்முதலில் முறைப்படி விவரித்தவர்களின் பெயர்களும் ஆண்டும். இந்தியத் தவளை ஆய்வாளர் எஸ்.டி. பிஜுவும் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஃபிராங்கி பாசுயிட்டும் 2003 அக்டோபரில் 'நேச்சர்' இதழில் இதை அறிவித்தார்கள்.

ஆசிரியர் பெயர் அடைப்புக்குறிக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று பாருங்கள். பலரும் கவனிக்காமல் விடும் இடம் இது. வெளியே இருந்தால் அந்தச் சிற்றினம் முதலில் வைக்கப்பட்ட பேரினத்திலேயே இன்னும் இருக்கிறது. உள்ளே இருந்தால் பின்னால் யாரோ வேறு பேரினத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். ஊதாத் தவளைக்கு அடைப்புக்குறி கிடையாது. இந்தியப் பெருங்கடலின் செய்ஷெல்ஸ் தீவுகளில் வாழும் அதன் உறவான கார்டினர் தவளைக்கு உண்டு. 1911இல் பௌலெஞ்சர் அதை நெக்டோஃபிரைன் என்ற பேரினத்தில் வைத்தார். இன்று அது இருப்பது செசெல்லோஃபிரைன் என்ற பேரினத்தில். ஒரு சின்ன அடைப்புக்குறிக்குள் நூறாண்டு வாதம் அடங்கியிருக்கிறது.

படி 2: மேலிருந்து கீழே இறங்குங்கள்

இது சீக்கிரம் முடிந்துவிடும். விலங்குலகம், முதுகுநாணுள்ளவை என்ற தொகுதி, இருவாழ்விகள் என்ற வகுப்பு, வாலில்லாதவை, அதாவது அனுரா என்ற வரிசை, அதில் நியோபட்ராகியா என்ற துணைவரிசை. உலகத் தவளைகளில் மிகப் பெரும்பாலானவை இந்தத் துணைவரிசைக்குள் வந்துவிடும். இதுவரை யாருக்கும் சண்டை இல்லை. அடுத்த படிக்கட்டான குடும்பத்தில்தான் கால் நிற்க வேண்டும்.

படி 3: உருவத்தை வைத்துக் குடும்பத்தை முடிவு செய்யாதீர்கள்

ஊதாத் தவளையைக் கையில் ஏந்திப் பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஏழு சென்டிமீட்டர் அளவில் ஊதிய உருண்டை உடல். கருமையும் ஊதாவும் கலந்து பளபளக்கும் தோல். உடலோடு ஒப்பிட்டால் தலை சிறியது. அதன் நுனியில் வெளிறிய, குமிழ் போன்ற கூர்மூக்கு. கண்கள் மணி மாதிரி. கைகால்கள் குட்டை, பின்னங்காலில் மண் தோண்டுவதற்கென்றே மண்வெட்டி விளிம்பு போல ஒரு தடிப்பு. தாவுவதற்கான உடல் இல்லை இது. வருடத்தின் பெரும்பகுதியை மண்ணுக்கடியில் கழித்து, அங்கேயே கறையானைத் தின்று வாழ்கிறது.

நம் ஊர் வயல்வெளிகளில் முதல் மழைக்குப் பின் மண்ணிலிருந்து வெளியே வரும் உருண்டைத் தவளைகளைப் பார்த்தவர்களுக்கு, இதுவும் அந்தக் கூட்டம்தான் என்று தோன்றும். அவை உப்பெரோடான் பேரினத்தவை, குறுவாய்த் தவளைக் குடும்பம். மெக்சிகோ பக்கம் ரைனோஃபிரைனஸ் என்றொரு தவளை இருக்கிறது. அதுவும் உருண்டை, அதுவும் கூர்மூக்கு, மண்ணுக்குள் எறும்பும் கறையானும் தின்னும். மூன்றும் மூன்று வேறு குடும்பங்கள். மண்ணுக்குள் வாழ்ந்து கறையான் தின்னும் பிழைப்பு, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத தவளைகளையும் ஒரே அச்சில் வார்த்துவிடுகிறது. அதனால் தோற்றத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, முடிவை எலும்புக்கும் மரபணுவுக்கும் விட்டுவிடுங்கள்.

2003 ஆய்வில் மரபணு காட்டிய விடை பலரை அதிர வைத்தது. இந்தத் தவளையின் நெருங்கிய உறவு இந்தியாவிலேயே இல்லை. சுமார் 3,000 கிலோமீட்டர் கடலுக்கு அப்பால், செய்ஷெல்ஸ் தீவுகளின் சூக்ளோசிடே குடும்பம்தான் அதன் கிட்டத்துச் சொந்தம். அந்தக் குடும்பத்தில் இருப்பதே நான்கு சிற்றினங்கள். மாஹே, சிலவெட், பிரலின் ஆகிய கருங்கல் தீவுகளின் காடுகளில் வாழ்கின்றன. கார்டினர் தவளை ஒரு சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். அதற்கு நடுச்செவியே கிடையாது, வாய்க்குழியின் அதிர்வு வழியாகக் கேட்கிறது என்று 2013இல் ஓர் ஆய்வு காட்டியது. நகத்தளவு தவளைக்கும் உள்ளங்கை நிறையும் தவளைக்கும் இரத்த உறவு என்றால் கண்ணை வைத்து யாரால் கண்டுபிடித்திருக்க முடியும்?

உப்புநீரில் தவளை தாக்குப்பிடிப்பது அரிது. இவை கடலை நீந்தியிருக்க முடியாது. நிலம்தான் நகர்ந்தது. கோண்டுவானா பெருநிலம் உடைந்தபின், இந்தியாவும் மடகாஸ்கரும் செய்ஷெல்ஸும் ஒரே துண்டாக இருந்தன. சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கர் பிரிந்தது, சுமார் 6.5 கோடி ஆண்டுகளுக்கு முன், தக்காணத்தில் எரிமலைக் குழம்பு கொட்டிக்கொண்டிருந்த காலத்தையொட்டி, செய்ஷெல்ஸும் பிரிந்தது. ஊதாத் தவளையின் முன்னோர் இந்தியத் துண்டில் ஏறி வடக்கே வந்துவிட்டார்கள். இரண்டு கிளைகளும் பிரிந்து 13 கோடி ஆண்டுகள் இருக்கலாம் என்று முதல் ஆய்வு கணக்கிட்டது. பின்னால் வந்த கணக்குகள் அதைக் குறைத்திருக்கின்றன. நீங்கள் எழுதும்போது எந்த ஆய்வின் கணக்கு என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

இப்போது குடும்பத்துக்கு வருவோம். பிஜுவும் பாசுயிட்டும் இதற்கென்றே நாசிகாபட்ராகிடே என்ற புதுக் குடும்பத்தை அமைத்தார்கள். 2006இல் வந்த இருவாழ்விகளின் பெரிய வகைப்பாட்டுத் திருத்தம் இதைச் செய்ஷெல்ஸ் தவளைகளோடு சூக்ளோசிடே குடும்பத்துக்குள் சேர்த்தது. இன்று பரவலாகப் பயன்படும் இணையப் பட்டியல்கள் மறுபடி தனிக்குடும்பமாகவே காட்டுகின்றன. பழைய கட்டுரையில் ஒன்றும் புதிய பட்டியலில் வேறொன்றும் இருந்தால் குழம்ப வேண்டாம். இரண்டும் சொந்தம் என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஒரே வீடா, அடுத்தடுத்த வீடா என்பதில்தான் வேறுபாடு. என் பங்குக்கு நான் தனிக்குடும்பம் என்றே எழுதுவேன். அத்தனை நீண்ட காலப் பிரிவும், அத்தனை வேறுபட்ட வாழ்க்கைமுறையும் தனிப் பெயருக்குத் தகுதியானவை.

படி 4: தலைப்பிரட்டையைத் தனியாகப் படியுங்கள்

2003இல் 'கண்டுபிடிக்கப்பட்டது' என்று செய்திகள் சொன்னாலும், இந்தத் தவளையின் தலைப்பிரட்டைகள் அதற்குக் கிட்டத்தட்ட 85 ஆண்டுகளுக்கு முன்பே அறிவியல் ஏடுகளில் ஏறிவிட்டன. 1910களின் கடைசியில் நெல்சன் அன்னண்டேலும் சி.ஆர். நாராயண் ராவும் தென்னிந்திய மலையோடைகளின் உறிஞ்சுவாய்த் தலைப்பிரட்டைகளை விவரித்திருந்தார்கள். குழந்தை ஏட்டில் இருந்தது. தாயைத்தான் யாருக்கும் தெரியவில்லை. மலையில் வாழ்ந்த மக்களுக்கோ இரண்டும் எப்போதோ தெரியும்.

அந்தத் தலைப்பிரட்டையைக் கிட்டத்தில் பாருங்கள். தண்ணீர் சரிந்து விழும் பாறை முகம்; உங்கள் கை வைத்தால் வழுக்கும். அதில் விரல்நுனி அளவில் கரும்புள்ளிகள் ஒட்டியிருக்கும். வயிற்றுப்பக்கம் தட்டை. வாய் முழுதும் ஓர் உறிஞ்சுதட்டு. மேலே வெள்ளம் அடித்துக்கொண்டு போக, அது வாயாலேயே பாறையைப் பற்றிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்கிறது, அங்குலம் அங்குலமாக நகர்கிறது. தண்ணீர் வற்றுவதற்குள் கால் முளைத்து மண்ணுக்குள் போய்விட வேண்டும். அதற்குச் சுமார் நூறு நாள் ஆகிறது. செய்ஷெல்ஸ் சொந்தங்களில் ஒன்று குஞ்சுகளை முதுகில் சுமக்கிறது. கார்டினர் தவளையின் முட்டையிலிருந்து நேரே குட்டித் தவளையே வெளிவருகிறது. வெள்ளப் பாறையில் பிள்ளையை விடுவது ஊதாத் தவளைதான்.

குழப்பத்துக்கு ஒரே இடம் இண்டிரானா பேரினத் தவளைகளின் தலைப்பிரட்டை. அதுவும் ஈரப்பாறையில்தான் இருக்கும். ஆனால் அதற்கு நீண்ட, வலுவான வால். துருத்திய பெரிய கண். பின்னங்கால் சீக்கிரமே தெரியும். தொட்டால் பாறைமேல் துள்ளித் தப்பிக்கும். ஊதாத் தவளையின் பிள்ளை தப்பிக்கப் பார்க்காது, இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சந்தேகமென்றால் படம் எடுங்கள், பிடுங்கி எடுக்காதீர்கள். இழுத்தால் வாய் கிழியும்.

படி 5: இது ஒரு சிற்றினமா, இரண்டா?

2017 வரை பேரினத்தில் ஒரே சிற்றினம். அந்த ஆண்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக் கிழக்குச் சரிவிலிருந்து நாசிகாபட்ராகஸ் பூபதி என்ற இரண்டாவது சிற்றினம் விவரிக்கப்பட்டது. ஜெகத் ஜனனி, கார்த்திகேயன் வாசுதேவன் உள்ளிட்ட ஐவர் அதை எழுதினார்கள். கோவையில் உள்ள சாலிம் அலி பறவையியல், இயற்கை வரலாற்று மையத்தில் பணியாற்றி, 2014இல் அகத்தியமலையில் களப்பணியின்போது விழுந்து உயிரிழந்த சுப்பிரமணியம் பூபதியின் நினைவாக அந்தப் பெயர். நிலத்தடியே வாழும் ஓர் உயிருக்குத் தன் வாழ்நாளை ஊர்வனவற்றோடும் இருவாழ்விகளோடும் கழித்த ஒரு தமிழரின் பெயர் நிலைத்திருப்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

பிரித்ததற்கு அவர்கள் காட்டிய ஆதாரங்களை ஒரு பாடமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்: உடலமைப்பு, குரலின் துடிப்பமைப்பு, மரபணு. இவற்றோடு பருவத்தையும் சேருங்கள். மேற்குச் சரிவில் தென்மேற்குப் பருவமழையை ஒட்டி இனப்பெருக்கம் நடக்கிறது. கிழக்குச் சரிவு அப்போது மழைமறைவில் கிடக்கும். அங்கே ஓடை நிறைவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில். ஒரே மலையின் இரு பக்கம், இரு நாட்காட்டி. வருடத்துக்குச் சில நாளே மேலே வரும் தவளைகள், வேறு வேறு மாதத்தில் வந்தால் எங்கே சந்திப்பது?

படி 6: வரைபடம்

முதலில் ஆதார இடத்தைக் குறியுங்கள். சிற்றினத்தை விவரிக்கப் பயன்பட்ட மாதிரி கிடைத்த இடம் அது. ஊதாத் தவளைக்கு அது கேரளத்தின் இடுக்கி மாவட்டம், கட்டப்பனை.

அடுத்து, பிற்காலப் பதிவுகளை ஒவ்வொன்றாக வையுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே மட்டும் வாழ்கிறது என்றுதான் முதலில் நினைத்தார்கள். அந்தக் கணவாய் சுமார் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலமுள்ள தாழ்ந்த இடைவெளி. மலையுயிர்கள் பலவற்றுக்கு அது எல்லைக் கோடு. பிறகு அதற்கு வடக்கேயும் பதிவுகள் கிடைத்தன. இன்று அறியப்பட்ட பரவல் வடக்கே வயநாட்டுப் பக்கத்து ஒட்டகத்திமில் மலைத்தொடரிலிருந்து, தெற்கே செங்கோட்டைக் கணவாயைத் தாண்டி அகத்தியமலைத் தொடரின் வடமுனை வரை நீள்கிறது.

இங்கேதான் வழக்கமான தவறு நடக்கிறது. இரு முனைகளையும் பார்த்துவிட்டு நடுவில் உள்ள மலை முழுவதற்கும் வண்ணம் பூசிவிடுவார்கள். அப்படிச் செய்யாதீர்கள். முட்டையிடப் பாறைப்படுகை உள்ள ஓடை வேண்டும், தோண்ட இளகிய மண் வேண்டும், கறையான் வேண்டும். மூன்றும் சேர்ந்த இடங்கள் மலையில் துண்டு துண்டாகவே இருக்கின்றன. சில ஏலத்தோட்டங்களை ஒட்டியும் குலைந்த காடுகளிலும்கூட இது வாழ்கிறது. பசுங்காட்டின் எல்லையை மட்டும் வைத்துப் பூசினால் அவை விடுபட்டுப் போகும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. புள்ளி இல்லாத ஓடையில் தவளை இல்லை என்று எழுதிவிடுவது. மேலே வருவது சில நாள், அதுவும் இரவில், அதுவும் மழையில். சரியான வாரத்தில் யாராவது நின்ற ஓடைகளில்தான் புள்ளி விழுந்திருக்கிறது. அதனால் என் குறிப்பேட்டில் மூன்று குறிகள் வைத்திருக்கிறேன்: பார்த்தது அல்லது கேட்டது, சரியான பருவத்தில் தேடியும் கிடைக்காதது, யாரும் தேடாதது. இரண்டாவதையும் மூன்றாவதையும் கலந்துவிட்டால் வரைபடம் பொய் சொல்லத் தொடங்கும்.

ஒவ்வொரு புள்ளியோடும் ஐந்து விவரங்கள் கட்டாயம்: ஆயத்தொலைவு (அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள்), கடல்மட்டத்திலிருந்து உயரம், தேதி, ஆதாரம் என்ன (வளர்ந்த தவளையா, குரலா, தலைப்பிரட்டையா, சாலையில் அடிபட்ட உடலா), பதிந்தவர் யார். ஆயத்தொலைவின் துல்லியத்தைக் கவனியுங்கள். பாகை அளவில் இரண்டு தசமம் மட்டும் இருந்தால் புள்ளி ஒரு கிலோமீட்டர் வரை தள்ளிப் போகலாம். ஒரு தசமம் என்றால் 11 கிலோமீட்டர். மேற்குத் தொடர்ச்சி மலையில் 11 கிலோமீட்டர் தள்ளினால் கேரளத்து ஓடை தமிழ்நாட்டுக்கு வந்துவிடும், சஹ்யாத்ரென்சிஸ் பூபதியாகிவிடும். கிழக்குச் சரிவுப் பதிவு எதையும் மரபணுவோ குரலோ இல்லாமல் எந்தச் சிற்றினத்தின் பெயரிலும் எழுதாதீர்கள். 'நாசிகாபட்ராகஸ் பேரினம்' என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடைசியாகப் பரப்பு. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதை இரண்டு விதமாக அளக்கிறது. எல்லாப் புள்ளிகளையும் வெளிப்புறமாகச் சுற்றிவளைத்த பலகோணத்தின் பரப்பு ஒன்று. 2 கிலோமீட்டர்க்கு 2 கிலோமீட்டர் கட்டங்களில் தவளை உள்ளவற்றை மட்டும் கூட்டிய பரப்பு மற்றொன்று. துண்டு துண்டாக வாழும் உயிருக்கு இரண்டாவது எண் மிகச் சிறியதாக வரும். இரண்டையும் சேர்த்தே கொடுங்கள்.

படி 7: களத்தில் கேளுங்கள்

'நுணலும் தன் வாயால் கெடும்' என்று நம் பழமொழி. நுணல் என்றால் மணலுக்குள் மறைந்து கிடக்கும் தவளை. அதன் குரலைக் கேட்டுத் தோண்டிப் பிடித்தவர்கள் சொன்ன சொல் அது. ஊதாத் தவளையைத் தேடும் முறையும் இதுதான், தோண்டுவது மட்டும் கூடாது. ஆண், பெண்ணைவிட மிகச் சிறியது. ஓடைக்கரையில் மெல்லிய மண்படலத்துக்குக் கீழே இருந்தபடியே கூப்பிடுகிறது. 2014இல் வெளியான குரல் ஆய்வு இதைப் பதிவு செய்தது. கைப்பேசியின் ஒலிப்பதிவே போதும். தரையோடு ஒட்டிவைத்து இரண்டு நிமிடம் பதியுங்கள். நேரம், மழை பெய்கிறதா, ஓடையின் பெயர் ஆகியவற்றைப் பதிவின் தொடக்கத்திலேயே வாயால் சொல்லிவிடுங்கள்.

பெரும்பாலான ஓடைகள் காப்புக்காட்டிலோ சரணாலயத்திலோ இருக்கும். வனத்துறை அனுமதி இல்லாமல் இரவில் நுழையாதீர்கள். காலணியைக் கழுவிக் காயவைத்த பிறகே ஓர் ஓடையிலிருந்து இன்னொன்றுக்குப் போங்கள்; தவளைகளைக் கொல்லும் பூஞ்சை ஈரச்சேற்றோடு பயணிக்கும். கொசுவிரட்டி பூசிய கையால் தொடாதீர்கள், தவளை தோலாலும் மூச்சுவிடுகிறது.

இரவில் நிற்க வழியில்லாதவர்கள் ஜூன், ஜூலையில் பகலில் போய்த் தலைப்பிரட்டையைப் பாருங்கள். புள்ளி சேர்க்க அதுவே எளிய வழி. சில மலைப்பகுதிகளில் தலைப்பிரட்டைகளை உணவுக்காகச் சேகரிக்கும் வழக்கம் உண்டு. 2015இல் ஓர் ஆய்வு அதை நேரடி ஆபத்தாகவே எழுதியது. அந்த மக்களைக் குற்றவாளியாக்கும் எழுத்து எனக்கு உடன்பாடில்லை. எந்த ஓடையில், எந்த வாரத்தில், எவ்வளவு என்று ஆண்டாண்டாகக் கவனித்தவர்கள் அவர்கள்தான். அவர்களிடம் உட்கார்ந்து கேட்டால் உங்கள் வரைபடத்தின் பாதி அங்கேயே நிறையும். ஓடையை மறித்த தடுப்பணையும், முட்டைப் பாறையை உடைத்த சாலைப்பணியும் அதைவிட நிரந்தரமான கேட்டைச் செய்கின்றன.

படி 8: பாதுகாப்பு நிலையும் பதிவேற்றமும்

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் 2004இல் ஊதாத் தவளை 'அழியும் ஆபத்திலுள்ளது' என்று மதிப்பிடப்பட்டது. இந்த மதிப்பீடுகள் புதிய பதிவுகள் வரவர மாறும். எந்த ஆண்டின் மதிப்பீடு என்று குறிப்பிடாமல் நிலையை மட்டும் எழுதாதீர்கள்.

உங்கள் பதிவை ஐநேச்சுரலிஸ்ட் போன்ற பொதுத்தளத்தில் ஏற்றும்போது சரியான இடத்தை மறைத்து ஏற்றுங்கள். துல்லியமான ஆயத்தொலைவை உங்கள் குறிப்பேட்டிலும், கேட்கும் ஆய்வாளரிடமும் மட்டும் வையுங்கள். ஒலிக்கோப்பின் பெயரில் தேதியும் ஓடையும் இருக்கட்டும். முதல் கோடைமழை தொடர்ந்து இரண்டு இரவு பெய்ததும் பையை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். மூன்றாவது இரவுக்குக் காத்திருந்து ஒரு வருடத்தை இழந்தவன் நான்.